சேவியருக்கு, தங்கச்சிமடத்திலிருந்து

அன்பு மாப்ளே,

கோபன்ஹேகனிலிருந்து நீ எழுதியதை வீட்டில் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். குளிரைப் பற்றி நீ புலம்பியதைவிட அந்த ரொட்டிப் பைதான் எல்லாருக்கும் பிடித்தது. கடை மூடுகிற நேரத்தில் மிஞ்சியதைப் பையில் போட்டு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விலைக்கு விற்கிறார்கள், உள்ளே என்ன என்று பிரித்தால்தான் தெரியும். டூ குட் டு கோ என்ற அந்த ஆப்பை 2015-இல் டென்மார்க்கில்தான் தொடங்கினார்களாம், மகன் தேடிச் சொன்னான். என் சாப்பாட்டுக் கடைக்கும் இது சரிப்படுமே என்று கேட்டிருந்தாய்.

சரிப்படாது. ரொட்டி ராத்திரி வரைக்கும் தாங்கும். நம்ம ஊர் வெக்கையில் சாம்பார் சாதம் தாங்குமா? போன வருஷம், மிஞ்சிய சாப்பாட்டை வந்து எடுத்துப்போகிற ஒரு வாட்ஸ்அப் குழுவில் மூன்றரை மணிக்கு, இருபது பேருக்குச் சாப்பாடு இருக்கிறது என்று போட்டேன். கட்டைவிரல் பொம்மை உடனே வந்தது, ஆள் வந்தது ஆறு மணிக்கு. மூடியைத் திறந்து கரண்டியை விட்டால் நூல் விடுகிறது. வந்த பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கோயம்புத்தூரில் நோ ஃபுட் வேஸ்ட்காரர்கள் 2014-லிருந்து கல்யாண மண்டபங்களில் மிஞ்சுவதை எடுத்துப் பசித்தவர்களுக்குக் கொடுக்கிறார்கள். மண்டபம் என்றால் ஒரே இடத்தில் நூறு பேர் சாப்பாடு. என் அண்டா அடிக்கு யார் பெட்ரோல் போட்டு வருவார்?

அப்புறம் மகன் ஒரு வேலை செய்தான். கொல்லையில் தொங்கு தராசு மாட்டி இரண்டு வாளி வைத்தான். இலையில் திரும்புவது ஒன்றில், சட்டியில் மிஞ்சுவது இன்னொன்றில். ராத்திரி கல்லாவை எண்ணும்போது எடையைச் சொன்னால் போனில் ஏற்றிவிடுவான். கூடவே எத்தனை சாப்பாடு, எத்தனை கிலோ அரிசி, படகு போனதா, அமாவாசையா, ரயில் கூட்டமா. முப்பது வருஷம் அடுப்படியில் நின்றவனுக்குத் தராசா என்று சிரித்தேன்.

இரண்டே மாதத்தில் அது என் மூக்கை உடைத்தது. விசைப்படகு கரை திரும்புகிற நாளில் கூட்டம் வரும் என்று ஐந்து கிலோ அரிசி கூடுதலாகப் போடுவேனில்லையா? அந்த நாள்களில்தான் சட்டி வாளி கனத்திருக்கிறது. ராத்திரி முழுக்க வலை இழுத்தவன் காலையில் புரோட்டாவும் சால்னாவும் தின்றுவிட்டு வீட்டில் போய்ப் படுத்துவிடுகிறான், மதியம் எழுந்தே வருவதில்லை. கண்ணெதிரே நடந்தது, இத்தனை வருஷமாக! இலை வாளியில் பாதி முட்டைக்கோஸ் பொரியல். நிறுத்திவிட்டேன், ஒருத்தர்கூட எங்கே என்று கேட்கவில்லை.

மீன்குழம்பு மட்டும் வீட்டுக்குப் போகிறது. மறுநாள்தான் ருசி என்று கடையில் சொல்லி விற்க முடியுமா?

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கையையும் மகன் வாசித்தான். 2022-இல் உலகத்தில் வீணான உணவு 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளில், ஹோட்டல் போன்ற இடங்களில் 28. "பார்த்தியா?" என்றேன் மனைவியிடம். அவள் பேசாமல் ஃப்ரிட்ஜைத் திறந்து, நான் வாங்கி வந்து மறந்துபோன கீரைக்கட்டை எடுத்துக் காட்டினாள். வீட்டிலும் ஒரு தராசு மாட்டலாமா என்று கேட்ட மகனை இரண்டு பேரும் சேர்ந்து விரட்டினோம்.

ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அரிசிக்கடையில் இப்போதே குறைத்துச் சொல்லிவிட்டேன். நீ மே மாதம் வரும்போது நாட்டுப்படகு மீன் கிடைக்கும். எத்தனை பேர் என்று முதல் நாளே வாட்ஸ்அப்பில் போட்டுவிடு. "சும்மா வந்துருவோம்டா" என்று சொல்லாதே, மகன் விடமாட்டான்.

உன்,
முனியசாமி