சின்னவளுக்காகத் தொடங்கிய பலகாரம்

ஸ்காபரோ, கனடா

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். நீங்களும் அப்பாவும் நலமாயிருக்க வேண்டுகிறோம். நான் வீட்டில் பலகாரம் செய்து விற்கத் தொடங்கியதைக் கேள்விப்பட்டு, "முறுக்குப் பிழியவா கனடாவுக்குப் போனவள்?" என்று அப்பா கேட்டதாகத் தங்கச்சி சொன்னாள். அவருக்கும் சேர்த்தே இதை விரிவாக எழுதுகிறேன்.

சின்னவளுக்கு இருப்பது சீலியாக் நோய் என்பதை ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். கோதுமை, வாற்கோதுமை, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் வயிற்றுக்குள் போனால், அவளுடைய உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கிச் சிதைக்கிறது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் அவள் மெலிந்துகொண்டே போனதற்கு அதுதான் காரணம். இதற்கு மருந்தில்லை, ஆயுள் முழுவதும் பத்தியந்தான். நெதர்லாந்தில் 1944–45 குளிர்காலப் பஞ்சத்தில் பாண் கிடைக்காமற் போனபோது இந்நோயுள்ள பிள்ளைகள் தேறியதை வில்லெம் டிக்க என்ற குழந்தை மருத்துவர் கவனித்தாராம். கோதுமையின் மேல் அவருக்கு முன்பே இருந்த ஐயம் அதனால் வலுப்பட்டதாம். இதை வாசித்தபோது, போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது குரக்கனையும் (கேழ்வரகு) பனங்கிழங்கு ஒடியலையும் வைத்து நீங்கள் எங்களை வளர்த்ததுதான் நினைவுக்கு வந்தது.

குளூட்டன் இல்லாத தின்பண்டங்கள் இங்குள்ள பெரிய கடைகளில் இல்லாமலில்லை. ஆனால் நான் வாங்கிப் பார்த்தவற்றுள் பல வெறும் மாச்சத்தும் சீனியுமாகவே இருந்தன, விலையும் அதிகம். அவளோ பெரியம்மா வீட்டுப் பிள்ளைகள் தின்னும் முறுக்கையும் பருத்தித்துறை வடையையுமே கேட்டு அழுதாள். வடையில் கோதுமை மா சேர்வது உங்களுக்குத் தெரியும். பயற்றம் பணியாரத்தைத் தோய்க்கும் மாவிலும் பலர் அதைக் கலக்கிறார்கள். முறுக்கையாவது அரிசி மாவிலும் உளுத்தம் மாவிலும் செய்து கொடுக்கலாம் என்று தொடங்கும்போது பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பிசின், அரிசி மா, அவற்றுக்கு நடுவே கோதுமை மா! கூட்டுப் பெருங்காயத்தை இப்படித்தான் மாச் சேர்த்துச் செய்கிறார்கள் என்பது, இத்தனை வருடம் சமைத்தும் எனக்குத் தெரியாது. இப்போது ஓமமும் நற்சீரகமும் மட்டுமே போடுகிறேன், பெருங்காயம் இல்லாத குறை நாக்குக்குத் தெரியவில்லை.

மாவை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. குளூட்டன் இல்லாதது என்று எழுதி விற்க வேண்டுமானால், பொருளில் பத்து இலட்சத்தில் 20 பங்குக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பதே இங்குள்ள அளவு. கோதுமை அரைத்த ஆலையில் அரிசியை அரைத்தாலே அந்த எல்லையைத் தாண்டிவிடலாம். வாடகைக்குக் கிடைக்கும் பொதுச் சமையற்கூடங்களில் முன்னர் வந்தவர் கேக் செய்துவிட்டுப் போயிருப்பார், அந்த மாத்தூசு காற்றிலேயே நிற்கும். அதனால்தான் வீட்டையே தெரிந்தெடுத்தேன். எங்கள் வீட்டுக்குள் கோதுமை வருவதே இல்லை. உங்கள் மருமகனும் பாணைக் கைவிட்டுவிட்டார் (வேலைத்தளத்தில் ஒளித்துச் சாப்பிடுகிறார் என்பது வேறு கதை). எளிதில் கெட்டு நோய் தராத உணவுவகைகளை வீட்டில் செய்து விற்பதற்கு ஒன்ராறியோ மாகாணம் 2020 முதல் விதிகளைத் தளர்த்தியிருக்கிறது. உணவு கையாளும் பயிற்சிச் சான்றிதழ் அதற்குக் கட்டாயமில்லை என்றாலும், நான் படித்து எடுத்து வைத்திருக்கிறேன்.

செய்பவை மூன்றே: குரக்கன் கலந்த முறுக்கு, தோய்க்காத பயற்றம் உருண்டை, எள்ளுருண்டை. கச்சான் (நிலக்கடலை) ஒவ்வாமையுள்ள பிள்ளைகளுக்காகப் பல பள்ளிக்கூடங்கள் அதைக் கொண்டுவர விடுவதில்லை, ஆகவே கச்சான் பக்கமே போகவில்லை. எள்ளும் கடுகும்கூட இங்கே பொதியில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருட்கள். எல்லாவற்றையும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுத வேண்டும். பிரெஞ்சை மூத்தவன்தான் சரிபார்த்துத் தந்தான். இனிப்போ உப்போ நிறைகொழுப்போ அளவு மீறினால், பொதியின் முகப்பிலேயே உருப்பெருக்கிக் கண்ணாடிப் படத்துடன் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று 2026 ஜனவரி முதல் விதி வந்திருக்கிறது. தேங்காயெண்ணெயில் நிறைகொழுப்பு அதிகம், அதில் பொரித்த முறுக்கு இந்த விதியில் அகப்பட்டுவிடும் என்பதால் ஓவன் அடுப்பில் சுட்டெடுக்கிறேன். மொறுமொறுப்புக் கொஞ்சம் குறைவுதான், அதை மறைக்க விரும்பவில்லை. பனங்கட்டி நல்லது, சீனிதான் கூடாது என்று நம் ஆட்கள் வாதாடுவார்கள். விதிக்கு இரண்டும் ஒன்றே, எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஆகவே எள்ளுருண்டையில் பனங்கட்டியைக் குறைத்து, உருண்டையையும் சிறிதாக்கிவிட்டேன்.

வாங்குபவர்களில் தமிழர் பாதிப்பேர்தான். மற்றவர்கள் சின்னவளைப் போன்ற பிள்ளைகளின் பெற்றோர். விலையைக் கேட்கும் முன்னர் எந்த ஆலையில் அரைத்த மா என்றுதான் கேட்கிறார்கள். இலாபம் இன்னும் பெரிதாக இல்லை என்பதை அப்பாவிடம் சொல்லலாம், ஆனால் கடனில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அங்கிருந்து அரைத்த மா எதுவும் அனுப்ப வேண்டாம், நம் ஊர் ஆலையில் எல்லாத் தானியமும் ஒரே கல்லில் அரைபடுவதால் அது எனக்கு உதவாது. உங்கள் பயற்றம் உருண்டையின் அளவுதான் எனக்கு வேண்டும். சுண்டுக் கணக்கில் சொல்லாமல், வறுத்த பயறு, பனங்கட்டி, தேங்காய்ப்பூ, மிளகு, நற்சீரகம் எல்லாவற்றையும் கடைத் தராசில் நிறுத்துக் கிராமில் எழுதி அனுப்புங்கள். பயற்றை உடைத்து வறுக்கிறீர்களா, வறுத்து உடைக்கிறீர்களா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த மகள்