பில் போடுவது நாம், பிழை என்றால் குற்றவாளியும் நாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடைகளில் வாடிக்கையாளரே பில் போட்டுக்கொள்ளும் இயந்திரங்களைப் பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வரிசையில் கால்கடுக்க நிற்கும் காலம் மலையேறிவிட்டது என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். மாலை ஏழு மணிக்கு அவர் மளிகை வாங்கப் போவதில்லை போலிருக்கிறது.

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கடை. பில் கவுன்டர்கள் பாதியை எடுத்துவிட்டு ஆறு இயந்திரங்களை நிறுத்தியிருக்கிறார்கள். தயிர் பாக்கெட்டைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தால் மேலெல்லாம் நீர் முத்துமுத்தாக நிற்கும்; பார்கோடு சரியாக மடிப்பில் விழுந்திருக்கும். துடைத்து, இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, இப்படியும் அப்படியும் சாய்த்துக் காட்டினால்தான் இயந்திரம் 'பீப்' என்கிறது. கத்தரிக்காயைத் தனியே எடைபோட்டு ஸ்டிக்கர் ஒட்டாமல் வந்துவிட்டால் மறுபடி கடையின் மறுகோடிக்கு நடக்க வேண்டும். எதிலாவது சந்தேகம் வந்தால் சிவப்பு விளக்கு. கழுத்தில் அட்டை தொங்க ஒரே ஒரு பெண் அந்த ஆறுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறாள். பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவது கடைக்காரரைப் பார்த்தல்ல, நம்மைப் பார்த்து.

எல்லாம் முடிந்து வாசலுக்கு வந்தால், காவலாளி பில்லை வாங்கிப் பைக்குள் எட்டிப் பார்க்கிறார். இது முன்பும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அப்போது ஒரு சோப்பு விட்டுப்போனால் அது காசாளரின் கவனப்பிசகு. சிரித்துக்கொண்டே திரும்பிப் போய்ச் சேர்த்துவிட்டு வருவோம். இப்போது அதே சோப்பு விட்டுப்போனால் அது நம் திருட்டு. சம்பளம் இல்லாமல் காசாளர் வேலையைக் கொடுத்தார்கள், அதோடு பிழையின் பழியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நான் இயந்திரத்தின் எதிரி அல்ல. தூரவாணி நகரில், தொலைபேசிக் கருவிகள் செய்யும் ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இயந்திர சுவிட்சுகளால் இணைப்புத் தந்த பழைய ஸ்ட்ரோஜர் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் போய் எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் வந்த காலத்தைக் கண்ணால் பார்த்தவன். தொலைபேசிக்கு விண்ணப்பித்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்த மக்களுக்கு அது நல்லதைத்தான் செய்தது. கடையில் சரக்கை நாமே எடுத்துக்கொள்வதும் புதிதல்ல. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பிக்லி விக்லி என்ற கடை அதை 1916லேயே தொடங்கிவிட்டது. இன்றும் விளையாட்டுப் பொருள் விற்கும் டெகாத்லான் கடையில் வாங்கிய சட்டை, பந்து எல்லாவற்றையும் ஒரு தொட்டியில் போட்டால் போதும், ஒவ்வொன்றிலும் உள்ள ரேடியோ சில்லைப் படித்துக் கணக்கு திரையில் வந்து நிற்கிறது. அது வசதி. அதை வசதி என்று ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. கட்டுக் கறிவேப்பிலைக்குச் சில்லு ஒட்டுவதுதான் கட்டுப்படியாகாது.

வெளிநாட்டிலேயே இதில் பின்வாங்கியிருக்கிறார்கள். வட இங்கிலாந்தின் பூத்ஸ் என்ற பல்பொருள் அங்காடி நிறுவனம் 2023 நவம்பரில் தன் 28 கடைகளில் இரண்டைத் தவிர மற்றவற்றில் இந்த இயந்திரங்களை எடுத்துவிடுவதாக அறிவித்தது. உதிரியாக விற்கும் பழம், காய்கறிகளுக்கு எப்படியும் ஓர் ஆள் வந்து பார்க்க வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. பொருளை எடுத்துக்கொண்டு பேசாமல் நடந்து வெளியே போகலாம் என்ற அமேசான், தன் அமெரிக்க மளிகைக் கடைகளிலிருந்து அந்த ஏற்பாட்டை 2024 ஏப்ரலில் விலக்கிக்கொண்டது. அந்த ஏற்பாட்டில் கடைக் கேமராக்கள் எடுத்த காணொளிகளைச் சரிபார்க்க இந்தியாவில் சுமார் ஆயிரம் பேர் இருந்தார்கள் என்று செய்திகள் வந்தன. அவர்கள் ஒவ்வொரு வாடிக்கையாளரையும் நேரலையில் கண்காணித்தார்கள் என்பதை நிறுவனம் மறுத்தது. எப்படியோ, ஆளில்லாத கடைக்கும் எங்கோ ஆள் தேவைப்பட்டிருக்கிறது.

நம் ஊரில் இன்னொரு வேடிக்கை. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யு.பி.ஐ. வரவைக் கணக்கிட்டு, வரி கேட்டுச் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. உடனே பெங்களூரில் பல கடைக்காரர்கள் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி ஒட்டினார்கள். அல்சூர் பெரிய கடையின் இயந்திரமோ ரூபாய் நோட்டைத் தொடாது. முருங்கைக்காய்க்காரரிடம் நோட்டும், இங்கே கைபேசியும் வேண்டும். பென்ஷன் பணத்தைக் கையில் எடுத்து வந்து செலவு செய்யும் என் வயதுக்காரர்கள் மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு கவுன்டர்களில் ஒருவர் பின் ஒருவராக நிற்கிறோம். மாலை வரிசை அங்கே முன்பைவிட நீளம்.

இயந்திரத்தின் திரை கேட்கும் கைபேசி எண் விஷயமும் அப்படித்தான். எண்ணைத் தராவிட்டால் பொருளோ சேவையோ இல்லை என்று வற்புறுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. காசாளர் கேட்டால் 'தர மாட்டேன்' என்று சொல்லிவிடலாம். திரையிடம் யார் சொல்வது? தவிர்க்கும் பொத்தான் ஓர் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒளிந்திருக்கிறது. என் மூக்குக் கண்ணாடிக்கு அது அகப்படுவதில்லை.

எங்கள் தொழிற்சாலையில் இயந்திரம் வந்தபோது நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேச ஒரு சங்கம் இருந்தது. இந்தக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களில் சிலரை இப்போது காணவில்லை. கேட்டால் வேறு கிளை என்கிறார்கள்.

இயந்திரம் வைக்கும் ஒவ்வொரு கடையும், திறந்திருக்கும் நேரம் முழுவதும் ரொக்கம் வாங்கும் கவுன்டர்களை ஆளோடு நடத்த வேண்டும். வயதானவர்களுக்கு அதில் ஒன்றையாவது ஒதுக்க வேண்டும். இயந்திரத்தில் நேரும் கணக்குப் பிழையை முதலில் பிழையாகவே நடத்துவோம் என்று வாசலில் எழுதி வைக்க வேண்டும். கட்டுரையாளர் அடுத்த முறை கடை நிர்வாகிகளைப் பேட்டி காணும்போது இவற்றைக் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை இதே பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர்,
அல்சூர், பெங்களூரு