பாடசாலைத் தண்ணீர்த் தாங்கி யாருடைய பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி முடிந்து ஜனவரியில் பள்ளிக்கூடம் திறக்கும்போது வன்னிக் கிணறுகள் நிரம்பிக் கலங்கிக் கிடக்கும். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கிணற்றை இறைக்கும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குளோரின் இடுவார். ஆனால் பிள்ளைகள் குடிப்பது தாங்கித் தண்ணீரை. அந்தத் தாங்கி பல இடங்களில் எவருடைய கணக்கிலும் இல்லை.

அடியில் படிந்த சேறும் பாசியும் குளோரினைத் தின்றுவிடும். ஆகவே முதலில் சேற்றைத் திறந்துவிட்டு உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். உள்ளே இறங்கியவர் வெளியேறிய பிறகே மருந்து. தாங்கியை நிரப்பி, 1000 லீற்றருக்கு 33 சதவீதக் குளோரின் தூள் 150 கிராம் வீதம் வாளியில் கரைத்து, அடையவிட்டு, தெளிவை மட்டும் ஊற்றுங்கள். மண்டி போனால் குழாய் அடைக்கும். ஒவ்வொரு குழாயிலும் குளோரின் மணம் வரும்வரை திறந்து மூடி, 24 மணித்தியாலம் விட்டு முழுவதையும் வெளியேற்ற வேண்டும். அந்தத் தண்ணீரை ஒருவரும் குடிக்கக் கூடாது என்பதால் சனிக்கிழமையே இதற்கு உகந்தது.

கிணற்றுக்குச் சிரட்டைக் கணக்கில் தூள் கொட்டுவதை நிறுத்துவோம். கூடினால் மணத்துக்குப் பயந்து பிள்ளைகள் தண்ணீரே குடிக்கமாட்டார்கள். நமது வெயிலுக்கு அது பெரும் கேடு. கிணற்று நீரின் அளவைக் காண, மீற்றரில் அளந்த விட்டத்தை விட்டத்தாலும், பின் நீரின் ஆழத்தாலும், 0.785 ஆலும், லீற்றராக்க 1000 ஆலும் பெருக்குங்கள். 3 மீற்றர் விட்டம், 3 மீற்றர் நீர் என்றால் ஏறத்தாழ 21,000 லீற்றர். தெளிந்த நீருக்கு லீற்றருக்கு 1 மில்லிகிராம் குளோரின் என்று கொண்டால் 64 கிராம் தூள் போதும். அரை மணித்தியாலத்துக்குப் பின் கடைசிக் குழாயில் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்ச வேண்டும். விஞ்ஞான ஆசிரியர் அளந்து காட்ட, பத்தாம் தர மாணவர் பதிவேட்டில் எழுதலாம். தூளை மாணவர் கையில் கொடுக்க வேண்டாம். அளவு பூச்சியம் காட்டினால் தூளையும் சந்தேகியுங்கள். தகரக் கூரைக் களஞ்சியத்தில் திறந்து கிடந்த பை வெக்கையில் வீரியம் இழந்துவிடும்.

களஞ்சியத் திறப்பு வைத்திருப்பவருக்கு ஒன்று: மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு இந்தத் தூளை ஒரே அறையில் வைக்கவே வேண்டாம். கலந்தால் கிளம்பும் குளோரின் வாயு மூச்சை அடைக்கும். துப்புரவுத் தொழிலாளிக்கு இதைச் சொல்லி, கையுறையும் கொடுப்பது அதிபரின் கடமை.

குளோரின் கிருமியைக் கொல்லும். ஆனால் நிலத்தடி நீரில் கரைந்திருந்து, கூடினால் பல்லைக் கறையாக்கும் புளோரைட்டைக் குறைக்காது, கொதிக்கவைத்தாலும் அது குறையாது. வவுனியாப் பக்கத்துப் பாடசாலைகள் அதற்குத் தனியாக நீரைச் சோதிக்க வேண்டும்.

ஒவ்வொரு தவணைக்கும் முன் வலயக் கல்வி அலுவலகம் அதிபர்களிடம் மூன்றைக் கேட்டு வாங்கட்டும்: தாங்கி கழுவிய திகதி, பொறுப்பாக நின்றவர் பெயர், கடைசிக் குழாயில் கண்ட அளவு.

விஞ்ஞான ஆசிரியர்கள் சிலர்,
கிளிநொச்சி