ரோட்டில் உட்கார்ந்த அப்பாவுக்கு

சிங்கப்பூர்
2.12.2018, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மகன் எழுதிக்கொண்டது.

நான் இங்கே நல்லபடியாக இருக்கிறேன். உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் இல்லை. பேனா எடுத்துக் கடிதம் எழுதி எத்தனையோ வருஷம் ஆகிறது. கஜா புயல் அடித்து ரெண்டு வாரம் ஆகியும் ஊரில் இன்னும் கரண்ட் வரவில்லை. நீங்கள் பட்டுக்கோட்டைக்குப் போய் சார்ஜ் போட்டு வந்தால்தான் பேச முடிகிறது, அதுவும் ரெண்டு நிமிஷத்தில் கட்டாகிவிடுகிறது. பக்கத்து ஊர் அண்ணன் ஒருவர் செவ்வாய்க்கிழமை திருச்சிக்கு விமானம் ஏறுகிறார். அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். நிதானமாகப் படியுங்கள், அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

அப்பா, போன வாரம் பேசும்போது "மானம் போச்சுடா, ஊரு உலகமே பாத்துடுச்சு" என்று சொன்னீர்கள். தண்ணீர் கேட்டு நீங்கள் ரோட்டில் உட்கார்ந்த மறியல் வீடியோவைத்தான் சொன்னீர்கள் என்று தெரியும். நான் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. அன்றையிலிருந்து அந்த வார்த்தை என் தொண்டையிலேயே நிற்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் அறையில் 12 பேர். அதில் ஏழு பேர் பட்டுக்கோட்டை, மன்னார்குடி, ஆலங்குடிப் பக்கம். புயல் வந்த அந்த வியாழக்கிழமை ராத்திரி யாரும் கண் மூடவில்லை. இங்கே மூன்று மணி தாண்டும்போது, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரையைக் கடக்கிறது என்று செய்தி வந்தது. அம்மாவோடு கடைசியாகப் பேசியது அந்த நேரத்தில்தான். பின்னால் காற்று ஊளையிடுகிறது. "ஓடெல்லாம் பறக்குதுப்பா" என்றது அம்மா. அதோடு சரி. ஐந்தரைக்கு லாரி வந்தது, ஏறிப் போனோம். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். நாலு நாளும் உங்கள் ரெண்டு பேர் நம்பரும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே சொல்லிக்கொண்டிருந்தது. வேலை நேரத்தில் போனைச் சட்டைப் பையில் வைத்திருந்தால் கை தானாக அங்கே போகிறது என்று, டூல்ஸ் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வேலை பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். இங்கே எங்களுக்குச் சாப்பாடு கேட்டரிங். ராத்திரி சமைத்துப் பொட்டலம் கட்டி விடியற்காலையில் கொடுத்துவிடுவார்கள், பன்னிரண்டு மணிக்குப் பிரித்தால் சோறு விறைத்திருக்கும். அதைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மன்னார்குடித் தம்பி போனை நீட்டி, "அண்ணே, இது உங்க ஊர் கடைத்தெருதானே?" என்றான்.

ரோட்டுக்குக் குறுக்கே தென்னை மரத்துண்டு கிடக்கிறது. பெண்கள் காலிக் குடத்தோடு முன்வரிசையில். அவர்களுக்குப் பின்னால் மூன்றாவது ஆளாக நீங்கள். துண்டு தோளில் மடித்தது மடித்தபடி இருக்கிறது. கீழே எதுவும் விரிக்காமல் தார் ரோட்டிலேயே சம்மணம் போட்டிருக்கிறீர்கள். யாரோ ஒரு பையன் மைக்கை நீட்டுகிறான். நீங்கள் தலையை ஆட்டிவிட்டு, பக்கத்தில் இருந்த பெரியம்மாவைக் கேட்கச் சொல்லிக் கை காட்டுகிறீர்கள். அவ்வளவுதான், 41 விநாடி. எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. அப்பா, நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்பதே எனக்கு அந்த வீடியோவில்தான் தெரிந்தது. அதில் மானம் போனதை நான் எங்கே தேடுவேன்?

ரேஷன் கடை வரிசையில்கூட ஒதுங்கி நிற்கிற ஆள் நீங்கள். முதியோர் பென்ஷனுக்கு எழுதிப்போடலாம் என்று நான் சொன்னபோது, "கை கால் நல்லாத்தானே இருக்கு" என்று மறுத்துவிட்டீர்கள். அப்படிப்பட்டவரை ரோட்டில் கொண்டுவந்து உட்கார வைத்தது எது என்று வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு இருக்கிறார்கள்.

புயலுக்கு முன்னால் அரசாங்கம் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். கடலோரத்தில் 80,000 பேருக்கு மேல் முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். எதிர்க்கட்சித் தலைவரே பாராட்டினார். 2004 சுனாமியில் நாகப்பட்டினம் பட்ட பாட்டை நினைத்தால் அது பெரிய காரியம்தான். ஆனால் காற்று கடற்கரையோடு நிற்கவில்லையே. பேராவூரணி, ஒரத்தநாடு, ஆலங்குடி என்று உள்ளே புகுந்து, திண்டுக்கல், கொடைக்கானல் வரைக்கும் போனது. எல்லார் கண்ணும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது, அடி விழுந்தது தோப்பில். அரசுக் கணக்கில் 63 பேர் செத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கைக்கூட நாங்கள் இங்கே ஒவ்வொரு நாளும் ஏறஏறப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

அப்புறம் வந்த நாட்களைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கரண்ட் இல்லை என்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லை என்றால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இல்லை. இது யாருக்கும் தெரியாத ரகசியமா? ஊருக்கு ஒரு ஜெனரேட்டர் வேனை முதல் நாளே அனுப்பியிருந்தால், அந்தப் பெண்கள் குடத்தோடு ரோட்டுக்கு வந்திருக்க மாட்டார்கள். முதலமைச்சர் 20ஆம் தேதி ஹெலிகாப்டரில் வந்தார். மழை என்று பாதியில் திரும்பினார். நாகப்பட்டினம் பக்கம் அவர் ரயிலில் போய்ச் சேர்ந்தபோது தேதி 28 ஆகிவிட்டது. மேலேயிருந்து பார்த்தால் விழுந்த தென்னை தெரியும். காய்ந்து கிடக்கிற தண்ணீர்த் தொட்டி தெரியுமா? கார்த்திகை தீபத்தன்று ஊர் முழுக்க அகல் விளக்கு மட்டும்தான் எரிந்தது, அதற்கும் எண்ணெய் பார்த்துப் பார்த்து ஊற்றினோம் என்று அம்மா சொன்னது. மண்ணெண்ணெய்க்கு நின்ற வரிசையைப் பற்றி நீங்கள் சொல்லவில்லை, நம்ம தம்பிதான் சொன்னான்.

புதுக்கோட்டை மாவட்டம் கொத்தமங்கலத்தில் அரசு வண்டிகளுக்குத் தீ வைத்தார்கள், ராத்திரியில் போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போனது. தீ வைத்தது தப்பு, அதை யார் செய்தாலும் தப்பு. ஆனால் நீங்கள் செய்தது அது இல்லை. தண்ணீர் கேட்டு உட்கார்ந்தீர்கள், லாரித் தண்ணீர் வந்ததும் நீங்களே மரத்துண்டைப் புரட்டிப் போட்டு வழி விட்டீர்கள்.

உங்களிடம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். போன வருஷம் ஒக்கி புயலில், கடலுக்குப் போனவர்களைத் தேடித் தரச் சொல்லி குமரி மாவட்டத்து மீனவர்கள் குழித்துறையில் ரயில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். இதே அறையில், இதே கட்டிலில் படுத்துக்கொண்டு அதைப் பார்த்தேன். "தண்டவாளத்துல உட்கார்ந்தா ஆள் வந்துடுமா?" என்று சொன்னேன். நாகர்கோவில்காரர் ஒருவர் அப்போது எங்கள் அறையில் இருந்தார். ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போனார். இப்போது அவர் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார். நம்பர் தேடிப் பிடித்துப் போன வாரம் பேசினேன். "ஊர்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்றுதான் அவர் முதலில் கேட்டார்.

மின்சார வாரியத்து ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு லட்சத்துக்கு மேல் கம்பம் சாய்ந்திருக்கிறது. வெளி மாவட்டத்திலிருந்தும் கேரளாவிலிருந்தும் வந்தவர்கள், நெல்வயலில் இடுப்பளவு சேற்றில் கம்பத்தைத் தோளில் சுமந்து போகிற படத்தைப் பார்த்து அறையில் எல்லாருக்கும் கண் கலங்கிவிட்டது. நம்ம ஊருக்கு அவர்கள் வரும்போது, அம்மா, இருப்பதை வைத்து ஒரு வேளை சோறு போடு.

"அங்கெல்லாம் மழை பெய்யாதா, வெள்ளம் வராதா?" என்று அப்பா கேட்டிருந்தீர்கள். வரும். நவம்பர், டிசம்பரில் இங்கேயும் நம்ம வடகிழக்குப் பருவமழைதான். நான் பார்க்கிற வேலையே தண்ணீர் வேலைதான். பழைய வாய்க்காலை அகலப்படுத்திக் கான்கிரீட் போடுகிறோம். இங்கே வாய்க்காலை லோங்காங் என்பார்கள். இடி வரப்போகிறது என்றால் சைட்டில் சைரன் அடிக்கும், போட்டது போட்டபடி ஒதுங்கிவிட வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கக் கருவி வைத்திருக்கிறார்கள். மட்டம் ஏறினால், தகவல் வேண்டும் என்று பதிந்து வைத்தவர்களின் போனுக்குத் தகவல் போய்விடும்.

இங்கேயும் ஜனங்கள் கோபப்பட்டிருக்கிறார்கள். எங்கள் சூப்பர்வைசர் புதுக்கோட்டைக்காரர், வந்து இருபது வருஷம் ஆகிறது, அவர்தான் சொன்னார். 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் ரோட்டில் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மறு வருஷம் டிசம்பரில் மறுபடியும். அப்போது அதிகாரிகள், இது வெள்ளம் இல்லை, தண்ணீர் தேங்கியிருக்கிறது, அவ்வளவுதான் என்றார்களாம். ஜனங்கள் விடவில்லை. கடைசியில் அமைச்சரே, என்னைப் பொறுத்தவரை அது வெள்ளம்தான் என்று ஒத்துக்கொண்டார். அதோடும் விடாமல், தாவரவியல் பூங்கா பக்கத்தில் பூமிக்கடியில் தண்ணீர் பிடித்து வைக்கத் தொட்டி கட்டினார்கள். 38,000 கன மீட்டர், அதாவது 3 கோடியே 80 லட்சம் லிட்டர். இந்த வருஷம்தான் திறந்தார்கள். சிங்கப்பூரைத் தூக்கிப் பேசவில்லை, அப்பா. மொத்தமே சுமார் 720 சதுர கிலோமீட்டர், கையில் காசும் இருக்கிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் புயல் வருவதே அபூர்வம். நமக்கு நேர்ந்தது இவர்களுக்கு நேர்ந்ததில்லை. ஆனால் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது என்று சத்தம் போட்டதற்காக இங்கே யாரும் தலை குனியவில்லை. நீங்களும் குனிய வேண்டாம்.

சரி, தோப்பு விஷயத்துக்கு வருகிறேன். ரெண்டு ஏக்கரில் 140 மரம், அதில் 121 போய்விட்டது என்றீர்கள். மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 என்று அறிவித்திருக்கிறார்கள். அந்த 600 ரூபாய் இங்கே 12 வெள்ளிகூட, அதாவது 12 சிங்கப்பூர் டாலர்கூட வராது. வருஷத்துக்கு நூறு காய் காய்த்த மரம் அது. காய் பன்னிரண்டு ரூபாய்க்குப் போனாலும் அரை வருஷ வெட்டுக்குத்தான் 600 சரி. கன்று வைத்து அது காய்க்கிற ஆறேழு வருஷத்துக்கு என்ன கணக்கு? 2011இல் தானே புயல் கடலூர்ப் பக்கம் பலாவையும் முந்திரியையும் சாய்த்தபோதே இந்தக் கேள்வி இருந்தது.

இன்றைக்கு டெக்கா மார்க்கெட்டுக்குப் போனேன். தேங்காய் துருவித் தருகிற கடை ஒன்று இருக்கிறது. மூடியை மிஷினில் அழுத்தினால் வெள்ளையாகக் கொட்டும். அந்த வாசனையில் நம்ம வீட்டு அடுப்படி அப்படியே வந்துவிட்டது. ஒன்றும் வாங்காமல் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன்.

அடுத்த வருஷம் வந்துவிடுகிறேன், தோப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அது இப்போதைக்கு நடக்காது. நான் இங்கே வர ஏஜெண்டுக்குக் கட்டிய பணமே அந்தத் தோப்பை வைத்து வாங்கியதுதான். கன்று காய்க்கிற வரைக்கும் நான் இங்கேயே இருக்கிறேன். அம்மாவிடம் இதை நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள்.

கணக்கெடுக்க வந்தவர் ரோட்டோரம் நின்று எண்ணி 90 என்று எழுதிக்கொண்டு போனாராமே. அதை அப்படியே விடாதீர்கள். ஒவ்வொரு அடிமரத்திலும் சுண்ணாம்பால் நம்பர் போட்டு, தம்பியை விட்டுப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பட்டா தாத்தா பேரில் இருப்பதால், சித்தப்பாவின் கையெழுத்தும் வாங்கி மனு எழுதி, கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்குங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். 27 பொருள் நிவாரணப் பை வந்தால் கூச்சப்படாமல் வாங்குங்கள், அது நம்ம வரிப்பணம். படம் எடுத்த மரத்தைத் தோப்பிலேயே மக்க விட வேண்டாம். அதில்தான் காண்டாமிருக வண்டு பெருகும், நிற்கிற 19 மரத்தின் குருத்தையும் தின்றுவிடும்.

இங்கே வெளிநாட்டு உதவிக்கென்று பொதுவில் பணம் திரட்ட அனுமதி வேண்டும். அதனால் உண்டியல் எதுவும் தூக்கவில்லை. நாங்கள் ஏழு பேரும் அவரவர் வீட்டுக்கு அவரவர் அனுப்பினோம். உங்கள் கணக்கில் 30,000 போட்டிருக்கிறேன். முதலில் ஓடு மாற்றுங்கள். அண்ணனிடம் சார்ஜ் லைட் ரெண்டு, பவர் பேங்க் ஒன்று, பெரிய தார்ப்பாய் ஒன்று, அம்மா முட்டிக்குக் கோடாலித் தைலம் அரை டஜன் கொடுத்திருக்கிறேன். ஒரு லைட்டைப் பக்கத்து வீட்டு ஆத்தாவிடம் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், மனு கொடுத்தும் கணக்கைத் திருத்தவில்லை என்றால் மறுபடி மறியல் என்று ஊரில் பேசிக்கொள்வதாகத் தம்பி சொன்னான். போங்கள், அப்பா. போகும்போது துண்டைத் தோளிலேயே வைத்துக்கொள்ளாமல் கீழே விரித்து உட்காருங்கள். தார் ரோடு சுடும்.

இப்படிக்கு,
உங்கள் மகன்