புஜ் நகரைக் கடந்து போய்விடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் சுற்றுலா இணைப்பில் குஜராத்தின் கட்ச் மாவட்டம் பற்றி வந்த கட்டுரை தோர்டோ கிராமத்தின் வெள்ளை உப்புவெளியோடு முடிந்துவிட்டது. ரயிலை விட்டு இறங்கி வண்டி பிடிக்கும் இடமாகத்தான் புஜ் நகரம் அதில் வருகிறது. மதுரையிலிருந்து தனியாகக் கிளம்புகிறவர்கள் புஜுக்கு இரண்டு முழு நாளாவது ஒதுக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. நிலநடுக்கத்தில் இடிந்து மறுபடி எழுந்த ஊர் அது.

2001 ஜனவரி 26 காலை 8.46 மணிக்கு 7.7 அளவில் அங்கே நிலம் நடுங்கியது. குஜராத்தில் சுமார் 13,800 பேர் இறந்தார்கள். அந்த மண்ணுக்கு அது முதல் அடியும் அல்ல. 1819இல் ஒரு பெரும் நடுக்கம். 1956இல் அஞ்சார் நகரம் இடிந்தது.

போகும் வழி: மதுரையிலிருந்து சென்னை, அங்கிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸில் அகமதாபாத். இது ஏறத்தாழ ஒன்றரை நாள் பயணம். அகமதாபாத்–புஜ் 359 கி.மீ. தூரத்தை 2024 செப்டம்பரில் தொடங்கிய நமோ பாரத் ரயில் ஆறு மணி நேரத்துக்குள் கடக்கிறது. ஆனால் மாலையில் கிளம்பும் அந்த ரயில் புஜ் சேர இரவு 11 மணி அளவாகிவிடும். அறை முன்பதிவு இல்லாமல், குறிப்பாகப் பெண்கள் தனியே, அதில் போய் இறங்க வேண்டாம். மும்பையிலிருந்து இரவெல்லாம் ஓடி விடிந்ததும் புஜ் சேரும் ரயில்கள் இருக்கின்றன, அவை வசதி. நவம்பர் முதல் பிப்ரவரி வரை இதமான காலம், இரவில் ஸ்வெட்டர் வேண்டும். உப்புவெளியில் நடக்கும் ரண் உத்சவத் திருவிழாவும் இதே மாதங்களில்தான் என்பதால் அறை வாடகை ஏறியிருக்கும்.

நடையைக் காலையில் தர்பார்கட் என்ற பழைய அரண்மனை வளாகத்தில் தொடங்கலாம். அங்கே 18ஆம் நூற்றாண்டின் ஆயினா மகாலும், 1865இல் தொடங்கி 1879இல் முடிந்த பிராக் மகாலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. எந்தப் பகுதி பழைய கட்டு, எது பிறகு செப்பனிட்டது என்று சுவரை உற்றுப் பார்த்தாலே பிடிபடும். அடைத்து வைத்திருக்கும் மாடிகளில் தடுப்பைத் தாண்டி ஏறக் கூடாது. அங்கிருந்து சராஃப் பஜார் வழியே ஹமீர்சர் ஏரிக்கு நடந்துவிடலாம். மழையில் அந்த ஏரி நிரம்பி வழிந்தால் ஊருக்கே விடுமுறை விட்டு லட்டு வழங்குகிறார்கள். அரச குடும்பத்தின் சத்ரிகள், அதாவது நினைவு மண்டபங்கள், ஏரிக்கு அருகில்தான். செதுக்கிய கல் மண்டபங்களில் எவை விழுந்தன, எவற்றை மறுபடி அடுக்கினார்கள் என்பது அங்கே வெளிப்படையாகத் தெரியும். பகல் ஒரு மணிக்கு மேல் கடைகள் பலவும் சாத்திவிடும், மாலையில்தான் திறக்கும்.

பழைய ஊரில் வீடுகள் ஏன் அப்படிச் சரிந்தன? உருட்டுக்கல்லை மண் கலவையில் இரு முகமாக அடுக்கி, நடுவில் சல்லியைக் கொட்டிய சுவர்கள் அவை. இரு முகத்தையும் சேர்த்துப் பிடிக்கும் நீளக்கல் இல்லை. நடுக்கத்தில் சுவர் இரண்டாகப் பிளந்து வெளியே சாய, மேலிருந்த கனத்த கூரை உள்ளே இறங்கியது. சந்துகள் குறுகல் என்பதால் எதிரெதிர் வீடுகள் இடையிலேயே விழுந்து, ஓடி வந்தவர்களும் தப்பவில்லை. இப்போதுள்ள வீடுகளில் தரை மட்டத்தில் பிளிந்த் பெல்ட், கதவு ஜன்னலுக்கு மேலே லிண்டல் பெல்ட், கூரை பெல்ட் என மூன்று மட்டத்தில் கான்கிரீட் பட்டை ஓட வேண்டும். சுவர் மூலைகளில் நிமிர்ந்த கம்பி அஸ்திவாரத்திலிருந்து கூரை வரை போக வேண்டும். பூசாத வீடு கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். கட்டட வேலை தெரிந்தவருக்கு அந்தத் தெருவே பாடம்.

தெருக்களை அகலப்படுத்திய விதம் இன்னும் முக்கியம். பழைய நகருக்குள் மனைகளை மறுபடி அளந்து, ஒவ்வொன்றிலிருந்தும் சாலைக்கு ஒரு பங்கு எடுத்தார்கள். 30 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 320 சதுர அடிக்குள், இருந்த மனைகளில் எதுவும் எடுக்கவில்லை. மனை பெரிதாகப் பெரிதாகப் பங்கும் ஏறியது; மிகப் பெரியவற்றில் 35 விழுக்காடு வரை. ஏழையின் மனையைத் தொடாத இந்த ஏற்பாடு நியாயமானது. வாடகைக்குக் குடியிருந்தவர்களுக்கு அதே நியாயம் கிடைக்கவில்லை. உதவித் திட்டங்கள் வீட்டு உரிமையாளரை வைத்தே போடப்பட்டன. ஊருக்கு வெளியே முந்த்ரா சாலை, ராவல்வாடி போன்ற இடங்களில் உருவான குடியிருப்புகளுக்கும் ஆட்டோவில் ஒரு நடை போய் வாருங்கள்.

மதுரைக்குக் கட்ச் அளவுக்கு நிலநடுக்க அபாயம் கிடையாது. ஆனாலும் மாசி வீதிகளுக்கு உள்ளே தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்துகள் எத்தனை என்று நமக்கே தெரியும். கீழே வெறும் தூண்களில் வாகன நிறுத்தம், மேலே நான்கு மாடி என்று புறநகரில் எழும் அடுக்ககங்களும் கவலை தருகின்றன. 2001இல் புஜிலிருந்து 200 கி.மீ.க்கும் அப்பால் உள்ள அகமதாபாத்தில் விழுந்தவற்றில் பல அந்த வகைதான். மேல்தளங்கள் சுவர்களோடு விறைப்பாக நிற்க, ஆட்டம் முழுவதும் கீழ்த்தளத் தூண்களில் இறங்கி அவை ஒடிந்தன.

இரண்டாம் நாளை நிலநடுக்க நினைவிடமான ஸ்மிருதிவனத்துக்கு வையுங்கள். புஜியோ குன்றில் 470 ஏக்கரில் அமைந்து, 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அருங்காட்சியகத்தின் ஏழு பகுதிகளுக்கு மூன்று மணி நேரம் வேண்டும். நில அதிர்வை உணரவைக்கும் அரங்கு ஒன்று உண்டு; இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் அதைத் தவிர்க்க வேண்டும். குன்றின் நீர்த்தேக்கச் சுவர்களில் இறந்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அவற்றின் முன்னால் செல்ஃபி எடுப்பது உறவினர்களைப் புண்படுத்தும். ஊரில் யாரிடமும் எடுத்த எடுப்பில் “உங்கள் வீட்டில் யார் போனார்கள்?” என்று கேட்கவும் கூடாது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

சுங்குடி நெய்தும் முடிந்தும் வாழும் நம்மூர்க்காரர்கள் அஜ்ரக்பூருக்கு அவசியம் போக வேண்டும். தமட்காவில் அச்சுத்துணி வேலை செய்த கத்ரி குடும்பங்கள், நடுக்கத்துக்குப் பின் அங்கே தண்ணீரில் இரும்பு கூடிச் சாயம் சரியாக ஏறாததால், இடம் மாறி உருவாக்கிய ஊர் அது. புஜிலிருந்து அரை மணி நேரப் பயணம். காலையில் போனால் துணி அலசுவதையும் அச்சு வைப்பதையும் பார்க்கலாம். முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் அந்தப் பக்கத்துப் பாந்தணியின் முடிச்சும் நம் சுங்குடி முடிச்சும் எவ்வளவு நெருக்கம் என்று கட்சில் கிடைக்கும் துணியைக் கையில் எடுத்தால் புரியும். மதுரை சௌராஷ்டிர வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: கட்ச் வேறு, சௌராஷ்டிரம் வேறு, இடையில் கட்ச் வளைகுடா இருக்கிறது. பூர்விகம் தேடிப் போகிறவர்கள் ராஜ்கோட், ஜூனாகட் பக்கம் தனியாகத் திட்டமிட வேண்டும்.

நேரமிருந்தால் அஞ்சாருக்கும் பேருந்தில் போய் வரலாம். 2001 நடுக்கத்தின்போது குடியரசு நாள் ஊர்வலத்தில் குறுகிய தெருவில் சென்றுகொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் அங்கே இடிபாட்டில் மாண்டார்கள். அவர்களுக்கான நினைவகம் இருக்கிறது. வெள்ளை உப்புவெளியை அதற்கு மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு அனுமதிச் சீட்டு தேவை, அடையாள அட்டையின் அசலும் நகலும் கையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கட்டுமானத் துறையையும் பயண ஏற்பாட்டையும் சேர்ந்த வாசகர்கள்,
மதுரை.