சாதாளை (கடற்புல்) நடுகைக்கு இன்னும் 193,000 ரூபாய் வேண்டும்

அன்புடையீர்,

மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு முன்னர் இந்தக் காசு சேர்ந்தாக வேண்டும். ஆவணி கடந்து நட்டால் வேர் பிடிக்க இரண்டு மாதம் கிடைக்காது. பிறகு வாடை எழும்பும், கார்த்திகை வெள்ளம் நாம் நடுகிற பனிச்சங்கேணி வாவியைக் கலக்கும். வெளிச்சம் படாத சாதாளை அழுகிப்போகும்.

இறால் குஞ்சும் ஒட்டி மீனும் நண்டும் சாதாளைக்குள்தான் வளரும். தோணியில் நின்றபடியே தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, எங்கே வலை விடலாம் என்று சொன்னவர்கள் நம் மூத்தவர்கள். அந்தச் சாதாளைப் படுகையை இழுவை வலையும், தண்ணீர் வற்றிய நேரத்தில் ஓடிய இயந்திரத் தோணியின் விசிறியும் கீறிப் போட்டன. கீறியதும் நாம்தான்.

அமெரிக்காவின் வர்ஜீனியாக் குடாக்களில் 1930களில் அழிந்த கடற்புல், 1999 முதல் 7 கோடிக்கு மேல் விதை தூவியதில் ஏறத்தாழ 3,600 ஹெக்டேயருக்குப் படர்ந்தது. நம் சாதாளையின் விதை மண்ணுக்குள் கிடக்கும், பொறுக்கிச் சேர்ப்பது கஷ்டம். ஆகவே தண்டு நடுகிறோம்.

ஒரு மீற்றர் சதுர மூங்கில் சட்டத்தில் 5 தும்புக்கயிறு, கயிற்றுக்கு 4 தண்டு. குருத்து நுனி இல்லாத தண்டு பச்சையாக இருந்தாலும் படராது. ஆழப் புதைத்தால் அழுகும், மேலாக விட்டால் மிதக்கும். பிடுங்கியதை நனைந்த சாக்கில் வைக்காமல் வெயிலில் விட்டால் சற்று நேரத்தில் காய்ந்துவிடும். நைலோன் நூல் வேண்டாம். தும்பு உக்கும்போது வேர் மண்ணைப் பிடித்திருக்கும். சென்ற வருடம் சில சட்டங்கள் மிதந்தன: அடித்த கம்பி குட்டை. இம்முறை நான்கு மூலையிலும் ஒரு முழக் கம்பி, கொக்கியாக வளைத்தது. தண்டு பிடுங்கும் தாய்ப் படுகையில் ஒரே இடத்தில் வழிக்காமல், தள்ளித் தள்ளிச் சிறு பிடியாக மட்டும் எடுப்போம்.

சட்டம் 200: 240,000 ரூபாய். எட்டுப் பேருக்கு 10 நாள் கூலி: 200,000. தோணி, எண்ணெய்: 65,000. மொத்தம் 505,000. கையிருப்பு 312,000. சட்டம் ஒன்றுக்கு 2,525 ரூபாய் விழுகிறது.

சென்ற வருடம் மூங்கில் வெட்டித் தந்தவர்களுக்கும், நட்ட நாளெல்லாம் சோறு போட்ட கோயில் அன்னதானக் குழுவினருக்கும், கேளாமலே தோணி அனுப்பிய பக்கத்து ஊர்ப் பள்ளிவாசல் ஜமாஅத்தினருக்கும், கயிறு முறுக்கிய அக்காமாருக்கும், கட்டாரில் வெயிலில் நின்று உழைத்த காசை அனுப்பிய தம்பிமாருக்கும் கைகூப்பி நன்றி. ஆண்டவன் உங்களைக் குறைவில்லாமல் வைப்பான்.

பெயர் எழுதிவிட்டு இன்னும் தராதவர்கள் 11 பேர். பெயரை இங்கே போடவில்லை. திருவிழா வாணத்துக்கு முதல் ஆளாகத் தந்தவர்களும் அதில் உண்டு.

காசைப் பொருளாளர் கையில் கொடுத்து, பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். காசில்லாதவர்கள் ஒரு நாள் வேலைக்கு வரலாம், இடுப்பளவு தண்ணீர்தான்.

இப்படிக்கு,
சாதாளை நடுகைக் குழு