எந்தக் கிழமை என்று போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் சர்க்கரை நோயும் கண்ணும் பற்றிய கட்டுரை படித்தேன். 'விழிப்புணர்வு இல்லாததால் நோயாளிகள் தாமதமாக வருகிறார்கள்' என்று ஒரே வரியில் பழியை எங்கள் தலையில் போட்டுவிட்டீர்கள். ரொம்ப நன்றி.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. பார்வை நன்றாக இருந்தாலும் வருஷம் ஒரு தடவை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? காட்டத்தான் போனோம். எங்கே என்று எழுதி யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்தார். 'பார்வை நல்லாத்தானே இருக்கு' என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஒருநாள் கண் முன்னால் கறுப்பாக நூல் மிதக்கிறது என்றதும் 'மேல்சிகிச்சைக்கு' என்று ஒரு சீட்டு. எந்தப் பிரிவுக்கு, கண்ணில் என்ன பார்த்தார்கள், எத்தனை நாளுக்குள் போகணும், ஒன்றும் கிடையாது. கால் பக்கத் தாள். அதிலும் சீல் பாதிதான் விழுந்திருந்தது.

அதை வைத்துக்கொண்டு புதுச்சேரி போனால் எல்லாச் சோதனையும் முதலிலிருந்து. மறுபடி சொட்டு மருந்து. விட்டு முடித்த பிறகுதான், 'ரெட்டினா டாக்டர் இன்னைக்கு இல்லைம்மா, வியாழக்கிழமை வாங்க'. வெயிலில் கண் திறக்க முடியாமல் கைக்குட்டையால் முகத்தை மூடி, என் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார் மனுஷர். புதுச்சேரி எல்லை முள்ளோடையில் எந்தச் சாராயக் கடை எப்போது திறக்கும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. விழித்திரை மருத்துவர் எங்கே, எந்தக் கிழமை என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. இதில் எங்களுக்கு விழிப்புணர்வு இல்லையாம்!

கடைசியில் லேசர் வைத்தார்கள். மேலும் கெடாமல் பார்க்கலாம், போன பார்வை திரும்புவது கஷ்டம் என்றார் டாக்டர். கண்புரையாக இருந்தால் லென்ஸ் வைத்துச் சரிசெய்திருப்பார்கள்.

2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது, சந்தோஷம். 'கண்ணைக் காட்டினீங்களா' என்று எங்கள் தெருவில் இதுவரை யாரும் கேட்டதில்லை. கண் முகாம் என்றால் நீங்களும் குத்துவிளக்கு ஏற்றும் படத்தோடு சரி. முகாமுக்குப் போனவர் அப்புறம் என்ன ஆனார் என்று எப்போதாவது எழுதியதுண்டா? கடிதப் பகுதி எழுத்தை எறும்பு அளவுக்குச் சுருக்கிவிட்டீர்கள் என்று போன வருஷம் எழுதினேன். அதையும் போடவில்லை.

வீராணம் நீர்மட்டம் போடுகிறீர்கள், தங்கம் விலை போடுகிறீர்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் விழித்திரை மருத்துவர் எந்த மருத்துவமனையில் எந்தக் கிழமை இருப்பார் என்று மாவட்டப் பக்கத்தில் வாரம் ஒருமுறை போட முடியுமா? கொஞ்சம் பெரிய எழுத்தில்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கடலூர் முதுநகர்.